படியறிந்து பயிற்றுவோம்

பிழைப்பு நாடி வடக்கே வந்த குடும்பங்களில் முதல் தலைமுறைக்குத் தமிழ் மூச்சு. இரண்டாம் தலைமுறைக்குப் பேச்சு. மூன்றாம் தலைமுறைக்கோ அது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அந்த வகுப்பைத் தில்லியின் ஒரு மூலையில் பல்லாண்டுகளாக நடத்திவரும் நாங்கள் நால்வரும் முறையாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர். ஒருவர் அரசு அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஒருவர் வங்கி ஊழியர். மற்ற இருவர் இல்லத்தரசியர். ஆர்வம் ஒன்றே எங்கள் முதல். ஆர்வம் மட்டும் போதாது என்பதை ஒரு சிறுமி எங்களுக்குக் கற்பித்தாள்.

அவளுக்கு வயது பதினொன்று. எழுத்தறியாதவர் அனைவரும் முதல் வகுப்பு என்பதே அந்நாளில் எங்கள் விதி. அவளுக்கு அகரமும் எழுதத் தெரியவில்லை. ஆகவே ஐந்து வயதுக் குழந்தைகளின் நடுவே அவளை அமர்த்தி, "இது அம்மா, இது ஆடு" என்று படம் காட்டினோம். மூன்று வாரம் வந்தாள்; நான்காம் வாரம் வரவில்லை. விசாரித்தபோது தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், கும்பகோணத்தில் இருக்கும் பாட்டியோடு தினமும் அரைமணி நேரம் தொலைபேசியில் பேசுகிறாள். பாட்டி சொல்லும் பழமொழிகூட அவளுக்குப் புரியும். இங்கே வந்தால் தனக்குத் தமிழே தெரியாது என்று ஆகிவிடுகிறதாம். அழுகிறாள்."

அதே காலத்தில் எங்கள் மேல் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளையும் முத்து முத்தாக எழுதுவான். பாடத்தைத் தங்குதடையின்றி வாசிப்பான். ஒருநாள், குளத்தில் தாமரை மலர்ந்தது என்று வாசித்தவனிடம் குளம் என்றால் என்ன என்று கேட்டோம். விழித்தான். அவன் வாசித்தது ஒலியை, மொழியை அன்று. கையெழுத்தைக் கண்டு அவனை மேலேற்றியிருந்தோம். கையெழுத்து இல்லாமை கண்டு அவளைக் கீழே தள்ளியிருந்தோம்.

எங்களுக்கு வழி காட்டியது அயல்மொழி கற்ற ஓர் இளைஞர். மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் பயின்றுகொண்டிருந்த அவர், தம் பாடநூலோடு வைத்திருந்த ஓர் அட்டவணையைக் காட்டினார். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தின் சாரம் அது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். கேட்டல், வாசித்தல், உரையாடல், தொடர்ந்து பேசுதல், எழுதுதல் என்று ஐந்து திறன்கள்.

படிகள் நமக்குப் புதியவை அல்ல. 1918-இல் தொடங்கிய இந்திப் பிரசார இயக்கத்தின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா தேர்வுகளை எழுதியவர்கள் நம் வீடுதோறும் உண்டு. ஆனால் அவை பாடநூலை முடித்ததற்கான படிகள். இந்த அட்டவணையோ, மாணவர் அம்மொழியைக் கொண்டு என்ன செய்ய வல்லார் என்று கேட்கிறது. தம்மை அறிமுகம் செய்துகொள்ள இயலுமா? அறிவிப்புப் பலகையில் பழகிய பெயர்களை இனங்காண இயலுமா? கண்டதைக் கோவையாகச் சொல்ல இயலுமா? அதனினும் முக்கியம், ஒரே மாணவர் ஒரு திறனில் உயர்ந்தும் மற்றொன்றில் தாழ்ந்தும் இருக்கலாம் என்பதை அது இயல்பாக ஏற்கிறது. 2020-இல் வந்த துணைத் தொகுதியில் முதற்படிக்கும் முந்தைய படியொன்றும் இடம்பெற்றது.

ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிடம் அமர்ந்து பேசினோம். ஐந்து கட்டங்களையும் நிரப்பினோம். அச்சிறுமி கேட்டலில் மூன்றாம் படிக்குக் குறையவில்லை. வாசிப்பில் முதற்படிக்கும் வெளியே நின்றாள். சிறுவனின் தாளோ நேர்மாறு. இருவருக்கும் ஒரே பாடம் எப்படிப் பொருந்தும்?

எனினும் அவ்வட்டவணையை அப்படியே தமிழுக்குப் போர்த்த முடியவில்லை. நம் மொழியில் பேச்சு வேறு, எழுத்து வேறு. "வந்துக்கிட்டிருக்கேன்" என்பதை நொடியில் உணரும் பிள்ளை, செய்தியில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று கேட்டால் திகைக்கிறது. ஆகவே கேட்டலை வீட்டுத் தமிழ், மேடைத் தமிழ் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

பின்னர் அச்சிறுமியின் வீட்டுக்குச் சென்றோம். பிழை எங்களுடையது என்று அவளிடமே சொன்னோம். தமிழில் எதை வாசிக்க ஆசை என்று கேட்டோம். சற்று யோசித்து, "கும்பகோணத்தில் பஸ் போர்டு" என்றாள். விடுமுறையில் அத்தை மக்கள் அவளைக் கேலி செய்வார்களாம். முதற்படி வாசிப்புக்கு அட்டவணை சொல்லும் அடையாளமும் ஏறக்குறைய அதுவே!

படங்களை ஒதுக்கினோம். அவள் நாவில் ஏற்கெனவே இருந்த பாட்டி, வீடு, பாட்டு, தோடு ஆகிய சொற்களிலிருந்தே எழுத்துகளைப் பிரித்துக் காட்டினோம். பொருள் தெரிந்த சொல்லுக்கு வடிவம் கற்பது எளிதாயிற்று. சிறுவனுக்கு மாறாக, ஏட்டை மூடி வைத்துவிட்டுக் கதையும் விடுகதையும் பேச்சுமாக ஓராண்டு சென்றது.

கோடை விடுமுறை முடிந்து வந்தவள் சொன்னாள்: பேருந்து நிலையத்தில் கண்பார்வை மங்கிய பாட்டி, "எந்த ஊர் பஸ்டீ இது?" என்று வழக்கம்போல் அருகிலிருந்தவரைக் கேட்கத் திரும்பினாராம். அதற்குள் இவள் எழுத்துக்கூட்டி, "திரு-வை-யா-று, பாட்டி" என்றாளாம். பாட்டி பேருந்தை மறந்து இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. படிகள் வந்ததும், "என் மகன் எந்தப் படி? அடுத்த வீட்டுப் பெண் எந்தப் படி?" என்று பெற்றோர் சிலர் கேட்கத் தொடங்கினர். அன்றுமுதல் அத்தாள்களை எங்கள் பெட்டியிலேயே பூட்டி வைக்கிறோம். மருத்துவர் நாடி பார்ப்பது மருந்து கொடுக்கவே. ஊருக்கு அறிவிக்க அன்று. படி என்பதும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான குறியே தவிர, குழந்தையின் கழுத்தில் மாட்டும் பட்டயம் அன்று.

நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை. தாலாட்டாகவும், அடுக்களைப் பேச்சாகவும், தொலைபேசியில் ஒலிக்கும் பாட்டியின் குரலாகவும் ஏதோ ஒரு தமிழைக் கொண்டே வருகிறார்கள். அது எது என்று முதலில் கேட்டறிவோம். கற்பித்தல் அதன்பின் தொடங்கட்டும்.