டிரெய்லருக்கும் பிரேக் உண்டு

போன தை மாசம் மக்காச்சோளம் ஏத்திக்கிட்டு வந்தப்போ நடந்ததை இதுவரைக்கும் எழுதாமலே வச்சிருந்தேன். எழுதினா வீட்டில் படிச்சிருவாங்களே என்ற பயம்தான். இப்போ டிரெய்லரை வேலை பார்த்து முடிச்சாச்சு. இனி எழுதலாம்.

கோவில்பட்டி பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு எங்க கரிசக்காடு தாம்பாளத்தட்டு மாதிரி தட்டையாத் தெரியும். லோடு வண்டி ஓட்டுறவனுக்குத்தான் எங்கே இறக்கம், எங்கே ஏத்தம் என்று தெரியும். எங்க காட்டுப்பாதை ஓடைப் பாலத்துக்கு முன்னால் நல்லா இறங்கும். அன்னைக்கு நூறு கிலோ மூட்டை 40 ஏத்தியிருந்தேன். மூட்டைக்கு மேல வேலைக்கு வந்த நாலு பெண்கள். பாலத்துக்கிட்ட ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்துச்சு. ரெண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டித்தான் வச்சிருந்தேன், மிதிச்சேன். டிராக்டர் நிக்கப் பார்த்துச்சு, டிரெய்லர் நிக்கல. பின்னாலிருந்து ஒரு முட்டு. பின்டயர் சறுக்கி, டிராக்டர் மூஞ்சி ஓடைப்பக்கம் திரும்பிருச்சு. பாலத்துக் கட்டைச் சுவருக்கு ரெண்டு முழம் முன்னால நின்னோம்.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மூட்டை மேல இருந்து ஒரு சத்தமும் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு.

மறுநாள் காலையில் வழக்கம்போல ஊர் முக்கில் வண்டியை நிறுத்தினேன். நாலு பேரும் வந்தாங்க. "நீங்க போங்கய்யா, நாங்க நடந்தே வாரோம்" என்று சொல்லிட்டு தூக்குச்சட்டியோட நடக்க ஆரம்பிச்சிட்டாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

கணக்கு லேசானதுதான். டிராக்டர் 2 டன். டிரெய்லரும் லோடுமா 5 டன்னுக்கு மேல. சமதரையில் இழுக்கிறவன் டிராக்டர். இறக்கத்தில் டிரெய்லர்தான் முதலாளி. எங்க பக்கம் ஓடுற டிரெய்லர்ல நிறையவற்றுக்கு பிரேக்கே கிடையாது. என்னுடையதும் அப்படித்தான் என்று நினைச்சிருந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கினது.

மெக்கானிக் அண்ணாச்சி வந்து முன்கொக்கியைத் தட்டிப் பார்த்தார். "தம்பி, இதுக்கு பிரேக் இருக்கு. யாரோ வெல்டு வச்சு மூடி வச்சிருக்காக."

அது தள்ளு பிரேக். சின்ன வயசுல மாட்டுவண்டியில் போனவர்களுக்கு சட்டென்று புரியும். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளும். நுகத்தடி கழுத்தை விட்டுக் கொம்புப் பக்கம் ஏறும். வண்டிக்காரர் கயித்தை இழுத்து, கட்டையைச் சக்கரத்தில் அழுத்துவார். தள்ளு பிரேக்கில் அந்தக் கயித்தை டிரெய்லரே இழுத்துக்கொள்கிறது. முன்கொக்கி கொஞ்சம் உள்ளே போய் வரும்படி இருக்கும். டிராக்டர் வேகம் குறைந்தால் டிரெய்லர் முன்னால் முட்டும். கொக்கி உள்ளே போய் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். பிரேக் ஆயில் குழாய் வழியாச் சக்கரத்துக்குப் போய், ஷூவை டிரம்மில் அழுத்தும். எவ்வளவு முட்டுதோ அவ்வளவு பிடிக்கும். டிராக்டரிலிருந்து வயரும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

வெளிநாட்டில் படகு இழுக்கிற டிரெய்லர்களில் இது சாதாரணமாம். படகை இறக்க டிரெய்லர் தண்ணிக்குள்ள முங்கணும். கரண்டு பிரேக்குக்குத் தண்ணி ஆகாது. அவங்க ரிப்பேர் பண்ற வீடியோ பத்துப் பதினைஞ்சு பார்த்தேன். அவங்களுக்கு உப்புத் தண்ணி சத்ரு, நமக்குக் கரிசச் சகதி. ஐப்பசி மழையில் டிரம்முக்குள்ள போற மண் காய்ஞ்சா செங்கல்தான்.

அப்புறம் எதுக்கு வெல்டு வச்சான்? ரிவர்ஸ் எடுக்கும்போதும் கொக்கி உள்ளேதான் போகும். பிரேக் பிடிச்சுக்கும். ஈரக் காட்டில் டிரெய்லரைப் பின்னால தள்ள முடியாம அல்லாடி, ஒருநாள் கோபத்தில் வெல்டு வச்சிருப்பான். அவனைக் குத்தம் சொல்லவும் மனசு வரல. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

பங்குனியில் வேலையை ஆரம்பிச்சோம். வெல்டை அறுத்து, தண்டைத் தேய்ச்சு, கிரீஸ் வச்சோம். டிரம்மைக் கழட்ட அரைநாள். ஒரு பக்கம் லைனர் தேயவே இல்லை. மறுபக்கம் வீல் சிலிண்டர் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தா உள்ளே கறுப்பா எஞ்சின் ஆயில்! ரப்பர் பக்கெட் எல்லாம் பணியாரம் மாதிரி உப்பியிருந்துச்சு. பிரேக் ஆயிலும் எஞ்சின் ஆயிலும் வேற வேற சாதி. எஞ்சின் ஆயில் பட்டா பிரேக் ரப்பர் ஊதிரும். பக்கெட் எல்லாம் புதுசு மாத்தி, குழாயையும் ஹோஸையும் மாத்தி, டாட் 3 பிரேக் ஆயில் ஊத்தினோம்.

அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புதுசில் 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது. தண்ணி சேர்ந்துட்டா 140-லயே கொதிச்சு ஆவியாகலாம். ஆவியானா பிரேக் பிடிக்காது. அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திரு என்றார் அண்ணாச்சி.

ஏர் எடுக்கிறதுதான் பெரிய பாடு. மிதிக்க பெடல் இல்லையே. நான் கடப்பாரையால் நெம்பி மாஸ்டர் சிலிண்டரை அமுக்கணும். அவர் நிப்பிளைத் திறக்கணும். மூடினேன் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் விடணும். முந்தி விட்டா காத்து திரும்ப உள்ளே போயிரும். நான் ரெண்டு தடவை முந்திட்டேன். "அவசரம்லாம் பாலத்துல காட்டியாச்சுல்ல, இங்க பொறுங்க" என்றார். சாயங்காலம் பாட்டிலில் கொப்பளம் வர்றது நின்னுச்சு.

ரிவர்ஸுக்கு, கொக்கி உள்ளே போகாமல் தடுக்க ஒரு பின் வச்சிருக்கோம். பின் போட்டதை மறந்து ரோட்டுக்கு வந்தா பழைய கதைதான். அதனால சீட்டுப் பக்கத்தில் அதுக்கு ஒரு ஆணி அடிச்சு வச்சேன். ஆணியில் பின் தொங்கினாத்தான் வண்டி ஊருக்குள்ள வரும். இன்னொன்றும் இருக்கு: கொக்கி கழன்றுட்டா இந்தப் பிரேக்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதுக்குத் தனியாச் சங்கிலி.

அதே 40 மூட்டை எடைக்கு மண்ணை ஏத்தி, அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். மிதிச்சதும் பின்னால் 'டக்'குன்னு ஒரு சின்னத் தட்டு. அப்புறம் டிரெய்லர் பின்னால இருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி வேகம் குறைஞ்சு, நேரா நின்னுச்சு.

அந்த நாலு பேர்ல மூத்தவர் பாலத்துக்கிட்ட ஆடு மேய்ச்சுக்கிட்டு நின்னாங்க. "இப்ப நிக்கிது பாத்தீகளா அத்தை?" என்றேன்.

"நல்லா நிக்கிதுய்யா" என்றார். "ஆனா ஏற மாட்டோம்."

அவங்க சொல்றதுதான் சரி. பிரேக் இருந்தாலும் டிரெய்லர் ஆள் ஏத்துறதுக்கு இல்லை; சட்டமும் அதைத்தான் சொல்லுது. இந்த வருஷம் களையெடுப்புக்கு ஷேர் ஆட்டோ பேசியிருக்கேன். வாடகை என் கணக்கு. டிரெய்லரில் இனி மூட்டை மட்டும்தான்.