திறந்திருந்த கதவு

சில ஆண்டுகளுக்கு முன் துபாயில் என் மூத்த லாத்தாவின் இல்லத்தில் தங்கியிருந்தேன். ஒருநாள் அவர் எரிவாயு ஓவனின் கிரில்லில் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். ஓவனின் கதவு திறந்தே இருந்தது. தேக்சாவின் மூடியைச் சுற்றி மாவு பூசித் தம் போடும் வீட்டில் வளர்ந்தவன் நான். வெப்பம் வீணாவது பொறுக்கவில்லை. அவர் தொலைபேசியை எடுக்கச் சென்றதும் கதவைச் சாத்திவிட்டேன்.

திரும்பி வந்தவர் பதறினார். "தம்பி, நெருப்புக்கு மூச்சு வேணாமா?" என்றவாறே எரிவாயுவை நிறுத்திக் கதவையும் சன்னலையும் திறந்தார். திருகுகள் தொட முடியாதபடி சுட்டன. பிறகு கையேட்டை எடுத்து நீட்டினார். தமிழ் விரிவுரையாளன் படிக்காத நூல் அது! கிரில் எரிகையில் கதவு திறந்திருக்க வேண்டுமென்று தெளிவாக அச்சிட்டிருந்தது. காற்றுப் போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடை உமிழும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியாகத் தொடங்கி உயிரையே பறித்துவிடும். அடுத்த அறையில் லாத்தாவின் பேரன் உறங்கிக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பி மின் ஓவன் வாங்கினோம். கற்ற பாடத்தை நம்பிக் கதவைத் திறந்துவைத்தேன். என் மனைவி கையேட்டைக் காட்டினார். இதிலோ மூடச் சொல்லியிருந்தது! இங்கே சுடரில்லை, மின்கம்பியின் அனல்தான். திறந்தால் அது திருகுகளின் மீது பாயும். அந்தக் கையேடு இப்போது எங்கள் அடுக்களைச் சுவரில் தொங்குகிறது.