ஆலத்தூர் நாட்டுக் கோழியும் முப்பது சதவீதமும்

போன வாரம் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஆலத்தூர் நாட்டுப் பக்கம் வண்டி திரும்பினதுமே பழைய வவுச்சர் ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. (கணக்கு எழுதுறவனுக்கு மலையைப் பார்த்தா கவிதையா வரும்?)

2007. நாமக்கல்ல லாரி பாடி கட்டுற பட்டறை ஒண்ணுல கணக்கு எழுதிட்டிருந்தேன். சனிக்கிழமை ஆயுத பூஜை. மறுநாள் 22 பேரும் ரெண்டு வேன்ல மலையேறினோம். ஆலத்தூர் நாட்டுல ஒரு அக்கா வீட்டு வாசல்ல சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும். வெல்டிங் பசங்க சாப்பிட்ட சாப்பாடு இருக்கே, அப்பப்பா! பில் கேட்டா அக்கா சிரிச்சாங்க. "பில்லு ஏது சாமி, வேணும்னா இலைய எண்ணிக்கோ". நானே வவுச்சர் எழுதி கையெழுத்து வாங்கினேன். 'ஆயுத பூஜைச் செலவு, கொல்லிமலை'.

அங்கதான் வினை. 2005 பட்ஜெட்ல சிதம்பரம் கொண்டு வந்த ஃபிரிஞ்ச் பெனிஃபிட் டாக்ஸ் அப்ப அமல்ல இருந்துச்சு. ஊழியருக்குச் சம்பளம் போக செய்யுற செலவுக்கு முதலாளி கட்டுற வரி. லாபமோ நஷ்டமோ, கட்டணும். தனி ஆள் நடத்துற கடைக்குக் கிடையாது. எங்களுது பார்ட்னர்ஷிப், மாட்டிக்கிட்டோம். பண்டிகைக் கொண்டாட்டம்னா செலவுல பாதியைச் சலுகையா எடுத்து அதுக்கு 30 சதவீதம். ஊழியர் நலன்னா 20 சதவீதத்தைத்தான் சலுகைன்னு எடுப்பாங்க. எங்க 20,000 ரூபாய்க்கு பண்டிகைன்னா 3,000, நலன்னா 1,200. செஸ் தனி. ஒரே கோழிக்கு ரெண்டு வரி!

"பூஜை சனிக்கிழமையே முடிஞ்சுதுல்ல தம்பி, ஞாயித்துக்கிழமை என்ன பண்டிகை? மாத்தி எழுது"ன்னார் முதலாளி.

"அன்னிக்கு விஜயதசமிங்ண்ணா"ன்னேன். வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த அக்கா கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிக்க மனசு வரல. அப்படியே ஆடிட்டர்கிட்ட போச்சு, 3,000 கட்டினாங்க.

அடுத்த வருஷம் பூஜைக்குப் பொரி, சுண்டலோட சரி. பெயிண்டர் ஒருத்தர் ரொம்ப நாள் எங்கூடப் பேசவேயில்ல. 2009 பட்ஜெட்ல பிரணாப் முகர்ஜி அந்த வரியையே எடுத்துட்டார். டூர் மட்டும் திரும்ப வரல. (இப்ப ஜிஎஸ்டி. விருந்து வச்சா கேட்டரிங்காரருக்குக் கட்டுற வரியைப் பொதுவா வரவு எடுக்க முடியாது. அது வேற வயித்தெரிச்சல்.)

தேடிப் போனேன். அக்கா அடையாளம் கண்டுக்கிட்டாங்க. "அந்த வேன் கூட்டம் அப்புறம் வரவேயில்லையே சாமி?"

என்னத்தைச் சொல்றது! அரைக் கிலோ மிளகு வாங்கிக்கிட்டு கிளம்பிட்டேன். பில் கேக்கல :-)