ஐயாவின் காரும் ஈ.என். இலக்கத் தகடும்

கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலில் நிற்கும் ஒஸ்ரின் ஏ 40 காரை என் பெயருக்கு மாற்றுவதற்காகப் பதினொரு மாதங்களாக அலைந்துகொண்டிருக்கிறேன். கார் ஓடுவதில்லை. இயந்திரம் இறுகிவிட்டது. இருக்கைகளில் எலி குடியிருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பத்திரிகைகளில் பிறருடைய காணித் தகராறுகளையும் காணாமற்போன பத்திரங்களையும் பற்றி எழுதியவனுக்கு, தன் வீட்டுக் கடதாசி ஒன்றைச் சரிபார்க்க எழுபத்தைந்து வயதிலேதான் நேரம் கிடைத்தது என்பது வெட்கத்துக்குரிய விடயந்தான்.

சோமசெற் என்று பெயரிடப்பட்ட இந்த வகைக் கார்களை ஒஸ்ரின் நிறுவனம் 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரித்தது. 1200 சீ.சீ. இயந்திரம். கியர் தடி சுக்கானின் கழுத்திலேயே இருக்கும். திரும்பும்போது பக்கத் தூணிலிருந்து சிறு கைகாட்டி ஒன்று வெளியே நீளும். சிறுவயதில் எனக்கும் தம்பிக்கும் அந்தக் கைகாட்டியை நீட்டி மடக்குவதைவிடப் பெரிய விளையாட்டு இருந்ததில்லை. ஆனால் நான் எழுத வந்தது காரைப் பற்றியன்று. அதன் முன்னும் பின்னும் பூட்டப்பட்டுள்ள கறுப்புத் தகடுகளைப் பற்றி.

அத்தகடுகளில் ஈ.என். என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் உள்ளன. அக்காலத்தில் சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலுள்ள எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வாகனங்களுக்கு இலக்கம் வழங்கினார்கள். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்று அவை வந்தன. 1956 யூனில் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிற்று. அதைத் தொடர்ந்து 1957 ஆரம்பத்திலிருந்து புதிய வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. ஓர் எழுத்துக்காகவா இவ்வளவும் என்று இன்றைய இளைஞர்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டதுண்டு. அதுவும் வடமொழியிலிருந்து இரு தரப்பாரும் கடன்வாங்கிய எழுத்து.

தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தை ஆரம்பித்தது. 1957 யூலை 26இல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் ஒரு தணிவு ஏற்பட்டது. பின்னர் 1958 மார்ச்சில், அவ்வாண்டு ஜனவரியில் தேசியமயமாக்கப்பட்டிருந்த பஸ் சேவையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீ தகடுகளுடன் வடக்கே அனுப்பப்பட்டன. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் தார் வாளிகள் புறப்பட்டன. ஸ்ரீயை அழித்து அதன்மேல் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கிலும் தார் வாளிகள் புறப்பட்டன. அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் கறுப்பாயின. ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாத இறுதியில் நாட்டில் நிகழ்ந்தவற்றை இங்கே விபரிக்க வேண்டியதில்லை.

ஐயா இந்தக் காரை வாங்கியது அந்த மார்ச் மாதத்திலேதான். அவர் பாடசாலை ஆசிரியர். அரசியல் பேசமாட்டார். கார் வாங்குவதற்காக ஏழெட்டு ஆண்டுகளாகப் பணம் சேர்த்திருந்தார். அந்தப் பணத்தோடு இன்னும் சிறிது கடன் பட்டிருந்தால் புதிய காரே வாங்கியிருக்கலாம். மாமா, அதாவது அம்மாவின் தமையனார், தீவிர தமிழரசுக்காரர். ஐயா புதுக் கார் எடுக்கவேண்டும், அதன் ஸ்ரீயை முதல் ஆளாகத் தானே தார் பூசி அழிக்கவேண்டும் என்பது மாமாவின் ஆசை. ஐயாவோ குருநாகலுக்குப் போய் ஐந்து வருடம் ஓடிய பழைய காரோடு வந்து இறங்கினார்.

"என்ன மாஸ்டர், காசைக் குடுத்துப் பழசை வாங்கிக்கொண்டு வாறியள்?" என்று மாமா முற்றத்தில் நின்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

"இதிலை ஆரும் தார் பூசத் தேவையில்லை," என்றார் ஐயா. அவ்வளவுதான்.

அந்தப் பதிலை நான் நெடுங்காலம் கோழைத்தனம் என்றே எண்ணியிருந்தேன். இளமையில் அப்படித்தான் தோன்றும். அடுத்த வாரங்களில் கே.கே.எஸ். வீதியில் இளைஞர்கள் வாகனங்களை மறித்துத் தகடு பார்த்தபோது எங்கள் காரைக் கைகாட்டி அனுப்பிவிட்டார்கள். அது எந்தப் பக்கத்தையும் சேராத தகடு. இப்போது யோசிக்கையில், ஐயா பணம் கொடுத்து வாங்கியது அந்த இரண்டு எழுத்துகளைத்தான், கார் அவற்றோடு சேர்ந்து வந்தது என்று படுகிறது.

1990இலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத ஐந்து ஆண்டுகளிலும் அந்தக் கார் ஓடிற்று. சிறு குப்பியிலுள்ள சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விசிறி இயந்திரத்தை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். பின்னால் எழும் புகையில் தகட்டு இலக்கம் எவருக்கும் தெரியாது. புதிய யப்பானியக் கார்கள் நொண்டியபோது மொறிஸ்களும் ஒஸ்ரின்களுமே பிரசவத்துக்கும் பிணத்துக்கும் ஓடின. எங்கள் கார் இரண்டுக்கும் ஓடியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது காரை விட்டுவிட்டுத்தான் போனார்கள். மண்ணெண்ணெயும் இல்லை, தெருவில் கார் ஊர்ந்து செல்ல இடமும் இல்லை. நான் அப்போது கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். வீட்டுக்காரர் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமலே அந்தச் செய்திகளுக்குத் தலைப்பிட்டேன். அம்மா ஒரு துணிப்பையில் காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், தாலிக்கொடி ஆகியவற்றோடு காரின் பதிவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். கார் வீட்டில், அதன் புத்தகம் மழையில். அடுத்த ஆண்டு திரும்பியபோது சக்கரங்களையும் பற்றரியையும் காணவில்லை. தகடுகள் இருந்தன. புத்தகத்தில் மை கரைந்து உரிமையாளர் பெயர் நீலக் கறையாகியிருந்தது.

2002இல் ஏ 9 பாதை திறந்ததும் தெற்கிலிருந்து பழைய கார் சேகரிப்போர் ஒழுங்கை ஒழுங்கையாக வந்து கேட்டார்கள். அயலில் பலர் விற்றார்கள். ஐயா விற்கவில்லை. 2004இல் காலமானார்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய வாகனங்களின் விலை ஏறிற்று. 2025இல் இறக்குமதி மீண்டும் ஆரம்பித்த பின்னரும் பழங்காலக் கார்களை நாடுவோர் குறையவில்லை. சென்ற ஆண்டு கண்டியிலிருந்து ஒரு சிங்கள இளைஞர் வந்தார். மரியாதையான பிள்ளை. காரைச் சுற்றி நடக்கவில்லை, நேரே குந்தியிருந்து தகட்டைத் துடைத்துப் பார்த்தார். கழற்றாத முதற்தகடு, முதல் இலக்கம், இவை இருந்தால்தான் விலை என்றார். ஸ்ரீ இல்லாத தகட்டை அவர் எவ்வளவு ஆசையோடு தடவினார் என்பதைப் பார்க்க மாமா உயிரோடில்லை. 1958 பற்றி அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. விலை பேசிக்கொண்டிருக்கும் போது சொல்லக்கூடிய கதையன்று அது.

பதிவு ஐயாவின் பெயரில் இருக்கும்வரை விற்கவும் முடியாது, வைத்திருப்பதும் முறையன்று. ஆகவே பொலிஸ் முறைப்பாடு, மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், பிள்ளைகள் மூவரின் சத்தியக் கடதாசி என்று ஆரம்பித்தேன். அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கத்தின்மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுக்கவேண்டும். துருவுக்குள் இருந்து ஒவ்வோர் இலக்கமாக எழுந்து வந்தது.

ஓர் அலுவலகத்தில் தந்த படிவம் தனிச் சிங்களத்தில் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. ஈ.என். தகட்டுக் காருக்காகச் சிங்களப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கருமபீடத்திலிருந்த தமிழ்ப் பெண் பிள்ளைதான் வெட்கப்பட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். புதிய தகடு எடுக்கலாமே, வெள்ளையும் மஞ்சளுமாக வெளிச்சத்தில் ஒளிரும், இலக்கம் மாறாது என்றும் சொன்னாள். வேண்டாம் மகள் என்றேன்.

மூன்று மாதங்களின் பின் பதிவேட்டின் பிரதி வந்தது. முதல் உரிமையாளர் கொழும்பில் ஒருவர். இரண்டாமவர் குருநாகலில் ஒரு சிங்கள ஆசிரியர். அவர் காரை ஐயாவுக்கு விற்ற திகதி 1958 மார்ச் 24. அவர் எதற்காக விற்றார்? ஸ்ரீ பொறித்த புதுக் காருக்கு ஆசைப்பட்டிருக்கலாம். மகளின் சீதனத்துக்காகவும் இருக்கலாம். நாடு ஓர் எழுத்துக்காகக் கொதித்துக்கொண்டிருந்த வாரத்தில் இரண்டு ஆசிரியர்கள் குருநாகலில் ஒரு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஐயா அதுபற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

இலண்டனிலிருந்து தங்கையின் சத்தியக் கடதாசி வந்துவிட்டது. கார் விற்கப்படக்கூடாது என்று அழுதாள், ஆனாலும் ஒப்பமிட்டாள். விற்கத்தான் வேண்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நெருக்கிய ரொறன்ரோத் தம்பியின் கடதாசிதான் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான்.

"அண்ணை, காரை அவனுக்குக் குடுங்கோ. முன் தகட்டை மட்டும் கழட்டி எனக்கு அனுப்பேலுமோ?"

தகடு காரோடுதான் போகும், இல்லாவிட்டால் பொடியன் காரை வாங்கமாட்டான் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான்.

கண்டிப் பொடியன் நேற்றும் அழைத்தார். இன்னும் ஒரு கையெழுத்து வரவேண்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.