கட்டிக் கிடந்த ஒன்பது இரவுகள்

படகு என்ற சொல் நம் கவிதையில் வெகுகாலமாகப் பழுதுபட்டுக் கிடக்கிறது. கரை, துறை, ஓடம், மறுகரை என்று ஒன்றைத் தொட்டதும் மற்றவை தாமாகவே வந்து அமர்ந்துகொள்கின்றன. எழுதுகிறவன் தண்ணீரின் பக்கம் போக வேண்டியதே இல்லை. நானும் அப்படி எழுதியவன்தான். 2019 செப்டம்பரில் லண்டன் நகரின் நடுவே ஒரு படகில் ஒன்பது இரவுகள் தங்கியிராவிட்டால் இதை ஒப்புக்கொள்ள இன்னும் சில வருடங்கள் பிடித்திருக்கும்.

படகு அத்தானுடையது. முப்பதடி நீளம், ஒற்றைப் பாய்மரம். அவருக்கு முன் இரண்டு பேர் வைத்திருந்து விற்றது. அத்தான் லண்டனில் இருபது வருடங்களுக்கு மேல் தபால் பிரித்து ஓய்வு பெற்றவர். அக்கா இறந்தபின் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு, கோடை மாதங்களில் துறை துறையாகத் தங்கிப் போகிறார். உள்ளே அடுப்புக்கு மேலே அன்னபூரணியின் படம் ஒட்டியிருக்கிறது. எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, ஓர் அமெரிக்கர் வாங்க, ஊர் மாலுமிகள் ஓட்டிச் சென்று 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்த பாய்க்கப்பல் அது. அதைப் பற்றி அவர் பெருமை பேசி நான் கேட்டதில்லை. சோறு வேகும்போது படத்தில் படியும் ஆவியை மட்டும் துடைத்துவிடுவார்.

நாங்கள் தங்கியது ரவர் பாலத்துக்கு அடுத்தாற்போல் இருக்கும் செயின்ட் கதரின் டொக்கில். மரீனா என்றதும் சென்னைக் கடற்கரையை நினைக்கக் கூடாது. இது படகுகள் வாடகைக்குக் கட்டிக் கிடக்கும், நாற்புறமும் கட்டடங்கள் சூழ்ந்த குளம். வெளியே தேம்ஸ் ஆறு பெருக்குக்கும் வற்றுக்கும் இடையே ஏழு மீற்றர் வரை ஏறி இறங்குகிறது. அதனால் டொக்கின் நீரைக் கதவு போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். பெருக்கு உச்சத்தை ஒட்டிய சில மணி நேரம் மட்டுமே படகுகள் போய் வரலாம். அந்த நேரம் நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துகிறது. நாங்கள் வந்தபோது ஆற்றில் ஒரு மிதவையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பயணிகள் படகு ஒவ்வொன்றும் கடக்கையில் எழுந்த அலையில் கோப்பைகள் உருண்டன. நான் வாந்தியெடுத்தேன். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் தண்ணீர் அசையவில்லை. அந்த அமைதி ஏனோ எனக்குப் பிடிக்கவில்லை.

படகில் வாழ்வது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றிய கணக்கு. மிதக்கும் தண்ணீர் அல்ல, குடிக்கிற தண்ணீர். மேடையிலுள்ள குழாயிலிருந்து தாங்கியை நிரப்ப வேண்டும். மின்சாரம் ஒரு மஞ்சள் வடத்தின் வழியே வருகிறது. கழிவு டொக்கில் விழக் கூடாது என்பதால், நடுநிசியில் மழை பெய்தாலும் குடையோடு கரையிலுள்ள கழிப்பறைக்கு நடக்க வேண்டும். கதவுக்கு ஓர் இரகசிய எண் உண்டு. இரண்டாம் இரவு அதை மறந்துவிட்டு நனைந்து நின்றேன். சமைத்தால் சுவரெல்லாம் வியர்க்கும். புத்தகங்கள் மூன்றாம் நாளே வளைந்துவிட்டன. ஜன்னல் வழியே தெரிவது மேடையில் நடப்பவர்களின் கால்கள். மேலே உணவகங்களில் இருப்பவர்கள் எங்கள் சோற்றுப் பானையை எட்டிப் பார்ப்பார்கள். நகரத்தின் மிக விலையுயர்ந்த இடங்களில் ஒன்றில், ஒரு பெட்டிக்குள் குனிந்து நடந்துகொண்டிருந்தோம்.

படுக்கப் போகுமுன் அத்தான் கயிறுகளைப் பார்ப்பார். அணியத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, படகு முன்னும் பின்னும் நகராமலிருக்கக் குறுக்காக இரண்டு. ஒவ்வொன்றையும் அவிழ்த்து, ஒரு சாண் நகர்த்தி, மறுபடியும் கட்டுவார். ஒரே இடம் உரசினால் கயிறு அங்கே தேய்ந்துவிடும். அடைத்து வைத்த நீர்தானே, ஏற்றமில்லை, இறக்கமில்லை, இது எதற்கு என்று கேட்டேன்.

“காத்து இருக்குதெல்லோ” என்றார்.

ஐந்தாம் நாள் அந்த இடத்தின் கதையை வாசித்தேன். 1827-இல் தோண்டத் தொடங்கி 1828 அக்டோபரில் திறந்திருக்கிறார்கள். பொறியியலாளர் தோமஸ் ரெல்ஃபோர்ட். தேயிலையும் அவுரியும் யானைத்தந்தமும் வந்து இறங்கிய துறை. 1968-இல் மூடிவிட்டார்கள். இதைத் தோண்டுவதற்காக இடித்த வீடுகள் 1250. வெளியேறியவர்கள் ஏறத்தாழ 11,300 பேர். வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களுக்கு எதுவுமில்லை.

உடனே நோட்டுப்புத்தகத்தை எடுத்தேன். நீரடியில் அணைந்த அடுப்புகள், அவற்றின் மேல் மிதக்கும் நான், அவர்களும் நாங்களும். அரை மணி நேரத்தில் கவிதை முடிந்தது. அந்த வேகமே என்னை எச்சரித்திருக்க வேண்டும். அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன்.

“நல்லாத்தான் இருக்கு” என்றார். கொஞ்சம் கழித்து, “முந்திக் கிளாலியைப் பற்றியும் ஒண்டு எழுதினனீ. கொக்கா வாசிச்சுக் காட்டினவ.”

“ஓம்.”

“அதிலை எங்கடை வள்ளம் தனிய மிதந்துகொண்டெல்லோ போகுது.”

“கவிதைதானே அத்தான்.”

“முன்னாலை போன வள்ளத்தோடை கட்டித்தானே தம்பி போனது. கயிறு அறுந்திடுமெண்டு கொக்கா கரை சேருமட்டும் அதைப் பிடிச்சுக்கொண்டிருந்தவ.”

குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தார்.

1993-இல் குடாநாட்டை விட்டு வெளியேற எங்களுக்கிருந்த வழி கிளாலிக் கடனீரேரி. இரவில், விளக்கில்லாமல், கடற்படை எந்த நேரமும் சுடலாம் என்ற பயத்தோடு. எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று முன்னே போகும். மற்றவை அதன்பின் கயிற்றில் கோத்தபடி இழுபடும். மறுவருடம் கொழும்பில் ஒரு வாடகை அறையிலிருந்து அந்தக் கவிதையை எழுதினேன். அது பாராட்டப்பட்டது. இருளில் கட்டறுந்து செல்லும் தனிப் படகு நம் காலத்து மனிதனின் அந்நியமாதலுக்குப் படிமம் என்று ஒரு நண்பர் விளக்கினார். நான் மறுக்கவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது.

சாவைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ நான் பொய் சொல்லவில்லை. கயிற்றைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். வேண்டுமென்று அறுத்ததும் அல்ல. எழுதும்போது கயிறு நினைவுக்கே வரவில்லை. அந்நாளில் நாங்கள் வாசித்த கவிதைகளில் படகு தனியாகத்தான் போயிற்று. அந்தத் தனிமையை இரவல் வாங்கியபோது முன்னே எஞ்சினைப் பிடித்திருந்தவனும், பின்னே இழுபட்ட வள்ளங்களில் இருந்தவர்களும், அக்காவின் கைகளும் கவிதையிலிருந்து போய்விட்டன. என் அனுபவத்தை நான் எழுதவில்லை. எனக்குப் பரிச்சயமான ஒரு கவிதையை என் அனுபவத்தின் மேல் எழுதியிருக்கிறேன்.

இப்போது அந்த 11,300 பேருக்கும் அதையேதான் செய்திருந்தேன். நீரின் அடியில் அடுப்பு எதுவும் இல்லை. தோண்டிய மண்ணை ஆற்றின் மேற்பக்கமாகக் கொண்டுபோய்ப் பிம்லிக்கோ வட்டாரத்தின் பள்ளங்களில் கொட்டியிருக்கிறார்கள். அதன்மேல் வேறு யாருக்கோ வீடுகள் எழுந்தன. வெளியேறியவர்கள் எங்கே போனார்கள், யார் யாரோடு போனார்கள் என்று நான் தேடக்கூட இல்லை. அவர்களுடைய துயரத்தில் என் துயரத்தைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, அதைச் சகோதரத்துவம் என்று எண்ணிக்கொண்டேன்.

மீதி இரவுகளில் சரியாக உறக்கமில்லை. படகில் படுத்திருப்பவனுக்குக் கயிறுகளின் சத்தம் உடம்பின் வழியாகவே வருகிறது. காற்று தள்ளும்போது ஒன்று இறுகி முனகும், மற்றது தளரும். வீட்டில் இருப்பவன் தான் எதனோடாவது கட்டப்பட்டிருப்பதாக உணர்வதில்லை. இங்கே அசையாமல் நிற்பதற்கே நான்கு கயிறுகளும், இரவுதோறும் அவற்றை ஒரு சாண் நகர்த்த ஒரு மனிதரும் தேவைப்பட்டார்கள். இதையும் ஒரு குறியீடாக்கிவிடக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் விடியுமுன் கதவு திறக்கும் முறை வந்தது. அத்தான் சுக்கானில் நின்றார். நான் மேடையில் இறங்கி அவர் சொன்ன ஒழுங்கில் கயிறுகளை அவிழ்த்து உள்ளே எறிந்தேன். நான் ரயிலில் போவதாக ஏற்பாடு. கடைசிக் கயிற்றைப் பிடித்திருந்தபோது படகின் பாரம் முழுவதும் கையில் தெரிந்தது. “விடு” என்றார். விட்டேன்.

ஊர் திரும்பியபின் தொகுப்பு ஒன்று போடுகிறோம் என்று நண்பர்கள் கேட்டார்கள். கிளாலிக் கவிதை கட்டாயம் வேண்டும் என்றார்கள். கயிறு இருந்தது என்று அதில் ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். மற்ற வரிகள் அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் அந்த ஒரு வரிதான் மிஞ்சியது. அதைக் கவிதை என்று அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை.