சடங்கு இல்லாத உறவு

சொந்தக்காரர்களை நாம் விரும்பினாலும் முழுதாகத் தொலைத்துவிட முடியாது. காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும், கல்யாணத்துக்கு அத்தை வேண்டும், சாவு வீட்டில் பங்காளிகள் நிற்க வேண்டும். பத்து வருடம் பேசாமல் இருந்தவர்கள்கூட ஏதோ ஒரு கருமாதிப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார நேர்கிறது. குடும்ப நண்பருக்கு இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவரையும், அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்பிய அவர் மனைவியையும் மாமா, அத்தை என்று கூப்பிட்டுத்தான் வளர்கிறோம். ஆனால் அவர் வந்தே ஆக வேண்டும் என்று சொல்லும் சடங்கு ஒன்றுகூட இல்லை. விட்டுப்போன குடும்ப நட்பு தானாகத் திரும்பி வராது, யாராவது ஒருவர் முனைந்து போய்ப் புதுப்பித்தால்தான் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். அந்த முதல் அடியை, பெற்றோர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகளே எடுத்து வைக்கலாம்.

இந்த நட்புகள் எப்படி அறுந்தன என்று பார்த்தால் பாதித் தயக்கம் போய்விடும். நெய்வேலியில் 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் உருவான நகரியத்துக்குப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. பொன்மலை ரயில்வே காலனியும் பெரம்பூர் ஐ.சி.எஃப். குடியிருப்பும் அப்படி ஊர் ஊராக வந்தவர்களால் நிரம்பியவைதான். சொந்த ஊரும் சாதிசனமும் தூரத்தில் இருந்ததால், அங்கே பக்கத்து குவார்ட்டர்ஸ்தான் சொந்தம். ஆனால் அந்த வீடு வேலையோடு வந்த வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒருவர் திருநெல்வேலிக்குப் போவார், இன்னொருவர் மகன் இருக்கும் பெங்களூருக்குப் போவார். முதல் இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து வரும். அப்புறம் வாடகை வீடு மாறும், முகவரி மாறும். இன்லேண்ட் கடிதம் வழக்கொழிந்தது, தந்தி 2013 ஜூலையில் நின்றே போனது. தரைவழி எண்ணுக்கு முன்னால் ஓர் இலக்கம் சேர்ந்தது, பிறகு அந்த இணைப்பையே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைப்பேசிக்கு வந்தோம். பழைய எண்கள் அப்பாவின் டைரியில் தங்கிவிட்டன. இதில் பெரும்பாலும் யாரும் யாரையும் உதாசீனம் செய்யவில்லை. இருந்தும், "இத்தனை வருஷம் எங்கே போனீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?" என்று குற்றம் செய்தவர்களைப் போல ஒதுங்கி நிற்கிறோம். இரண்டு வீட்டிலும் இதே கூச்சம்தான் இருக்கும் என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கூச்சத்தை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் லாரா ஆக்னினும் பிரிட்டனில் பணிபுரியும் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரோடு மறுபடி பேச விருப்பம் உள்ளவர்களுக்கு, தொடர்பு எண்ணும் கையில் இருக்கும்போதே, செய்தி எழுதி அனுப்ப நேரம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அப்போதும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பழைய நண்பரை அழைக்கும் தயக்கம், முன்பின் தெரியாத ஒருவரிடம் பேசும் தயக்கத்துக்குச் சமமாக இருந்தது. பெக்கி லியுவும் அவருடைய சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது: நாம் தேடி விசாரிப்பதை எதிராளி எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் குறைத்தே கணிக்கிறோம், எதிர்பாராமல் வரும் விசாரிப்புக்குத்தான் மதிப்பு இன்னும் கூடுதல். மேல்நாட்டுச் சோதனை நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். வயதானவர்கள் இருக்கும் எந்த வீட்டுக்காவது, தேவை எதுவும் இல்லாமல் ஒருவர் பார்க்க வரும்போது அங்கே நடப்பதைக் கவனித்தால் போதும். காபி கலக்கும் முன்பே, "சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும்" என்று சொல்லிவிடுவார்கள்.

ஏதோ காரியத்துக்காக வந்திருக்கிறான் என்று நினைக்க மாட்டார்களா? நினைக்கலாம், அதற்குக் காரணமும் உண்டு. பல வருடம் கழித்து வருகிறவர் பத்திரிகை வைக்கவோ கைமாற்றுக் கேட்கவோ வேலைக்குச் சிபாரிசு கேட்கவோதான் பெரும்பாலும் வருகிறார். எனவேதான் விசேஷம் எதுவும் இல்லாத நாளில் போக வேண்டும் என்கிறேன். சீட்டுப் பணத்தாலோ ஜாமீன் கையெழுத்தாலோ முறிந்த நட்புகளின் கதை வேறு. பெற்றவர்கள் தெரிந்தே மூடிய கதவைப் பிள்ளைகள் திறக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். நம்மைக் காயப்படுத்திய பெரியவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தானாக நழுவிப் போனதையும் முறிந்ததையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

ஆளே மாறியிருப்பாரே, என்ன பேசுவது என்பது அடுத்த கேள்வி. அவர் இன்றைக்கு எப்படி மாறியிருந்தாலும் நம் பெற்றோரின் இளமையை நேரில் பார்த்தவர் என்பது மாறாது. நமக்குத் தெரிந்த அப்பா, நாம் பிறந்த பிறகு இருந்த அப்பா. ஸ்ட்ரைக் நாட்களில் சம்பளம் இல்லாமல் எப்படிச் சமாளித்தார், எந்தப் பதவி உயர்வை யாருக்காக விட்டுக்கொடுத்தார், அம்மா வேலைக்குப் போக விரும்பியபோது வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்ட விஷயங்கள். சித்தப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சொத்து, மரியாதை என்று குடும்பத்துக்குள் ஒரு பக்கம் உண்டு, அவர்கள் சொல்வதில் அதுவும் கலந்திருக்கும். நண்பருக்குக் காக்க வேண்டிய பங்கு எதுவும் இல்லை. அப்பாவின் குறையைக்கூட அன்போடு சொல்லக்கூடியவர் அவர்தான். அந்த அறிவை வேறு எங்கேயும் போய்ப் பெற முடியாது, காலம் கடந்தால் அவரிடமும் பெற முடியாது. அதற்காக அவரை நினைவுப் பெட்டகமாக மட்டும் நடத்துவதும் நியாயமில்லை. அவருக்கும் மூட்டுவலி இருக்கிறது, தூர தேசத்தில் பிள்ளைகள் இருக்கிறார்கள், பேசப் பழகிய நண்பர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். முதல் சந்திப்பில் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டு, நம் அப்பாவைப் பற்றி இரண்டாவது முறை கேட்டால் போதும்.

தேடுவது இப்போது அத்தனை கடினமில்லை. அப்பா வேலை பார்த்த ஆலையின் ஓய்வூதியர் சங்கத்திலோ பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிலோ கேட்டால் யாருக்காவது விவரம் தெரிந்திருக்கும். போனில் நம் பெயரை மட்டும் சொன்னால் அவருக்குப் பிடிபடாது. அப்பா பெயரையும் குவார்ட்டர்ஸ் எண்ணையும் சொல்ல வேண்டும். அவர் காலமாகிவிட்டார் என்ற செய்தி கிடைத்தாலும் போனை வைத்துவிடாமல், தாமதமாகவேனும் துக்கம் விசாரித்து அவர் பிள்ளைகளோடு பேசலாம். அவர்களுக்கும் தங்கள் அப்பாவைப் பற்றித் தெரியாத கதைகள் நம் வீட்டுப் பெரியவர்கள் வழியாக நம்மிடம் வந்திருக்கக்கூடும்.