வண்டிக்கு இரவுத் தீனி

தில்லி மாநகரில் யமுனை ஆற்றைக் கடந்து கிழக்கே சென்றால் மயூர் விகார் என்னும் குடியிருப்புப் பகுதியை அடையலாம். தமிழர் பலர் வாழும் பகுதி அது. அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், திருநெல்வேலியிலிருந்து பணிநிமித்தம் வந்த குடும்பம் ஒன்று வாழ்கிறது. தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், ஆச்சி என அக்குடும்பத்தில் நால்வர்.

அவர்களுடைய பெட்ரோல் மகிழுந்துக்குப் பதினான்கு ஆண்டுகள் நிறைந்தன. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என உச்ச நீதிமன்றம் 2018-ஆம் ஆண்டில் ஆணையிட்டிருந்தது. எனவே, புதிய வண்டி வாங்கும் பேச்சு எழுந்தது. மீண்டும் பெட்ரோல் வண்டியா, அல்லது மின்வண்டியா?

ஆச்சிக்கு ஆஸ்துமா நோய் உண்டு. நவம்பர் மாதத்தில் பனியும் புகையும் கலந்து நகரை மூடும்போது அவருக்கு மூச்சு இரைக்கும். “புகை விடாத வண்டியே வேண்டும்” என்றாள் மகள்.

“வண்டி புகை விடாது. ஆனால், நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தானே கிடைக்கிறது?” என்று தாய் கேட்டார்.

ஆச்சி சிரித்தார். “தூத்துக்குடி அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியையும் பார்த்திருக்கிறேன், முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளையும் பார்த்திருக்கிறேன். மின்சாரம் இரண்டு வழியிலும் வரும். பெட்ரோலுக்கு ஒரே வழிதான்” என்றார்.

தந்தை மகளிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கணக்கிடச் சொன்னார். அவர் கிரேட்டர் நொய்டாவிலுள்ள அலுவலகத்திற்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 60 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் எனில், நாளொன்றுக்கு 4 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 95 ரூபாய் எனக் கொண்டால் செலவு 380 ரூபாய். மின்வண்டிக்கு அதே தொலைவுக்கு ஏறத்தாழ 10 யூனிட் மின்சாரம் போதும். யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் 80 ரூபாய். நாளுக்கு 300 ரூபாய் மிச்சம். 25 வேலைநாள்களுக்கு 7,500 ரூபாய். ஆனால், மின்வண்டியின் விலை நான்கு இலட்சம் ரூபாய் கூடுதல். அத்தொகை திரும்பிவர நான்கரை ஆண்டுகள் ஆகும் என்று மகள் கண்டாள்.

மின்வண்டியில் எஞ்சின் ஆயில் மாற்ற வேண்டியதில்லை, கிளட்ச் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, மின்கலத்திற்குச் சிறிது மின்சாரத்தைத் திருப்பித் தரும். அதனால் பிரேக்கும் மெதுவாகவே தேயும். எனினும், மின்கலம் பழுதானால் அதை மாற்றும் செலவு மிகப் பெரிது. ஆகவே, எட்டு ஆண்டு உத்தரவாதம் உள்ளதா என்பதைத் தந்தை முதலில் கேட்டறிந்தார்.

கணக்கு முடிந்தது, சிக்கல் முடியவில்லை. “எல்லாம் சரி அப்பா, இரவில் வண்டி எங்கே நிற்கும்?” என்று மகள் கேட்டாள்.

அதுவே உண்மையான வினா. பெட்ரோல் வண்டி எங்கே நின்றாலும் கவலையில்லை. வழியில் ஐந்து நிமிடங்களில் பெட்ரோல் நிரப்பலாம். வீட்டிலுள்ள 15 ஆம்பியர் இணைப்பிலோ ஒரு மணி நேரத்தில் ஏறுவது ஏறத்தாழ 3 யூனிட்தான். 30 யூனிட் கொள்ளும் மின்கலம் முழுதும் நிறைய ஓர் இரவு வேண்டும். புதிய கட்டடங்களில் வண்டி நிறுத்தும் இடங்களில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மின்னேற்ற வசதி வேண்டும் என 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மாதிரிக் கட்டட விதிகள் கூறுகின்றன. இதுவோ பழைய கட்டடம். மூன்றாம் மாடியிலிருந்து கம்பியைத் தொங்கவிடலாம் எனச் சிலர் கூறினர். சிறுவர் விளையாடும் வழியில், மழையில் நனையும் கம்பி உயிருக்கே தீங்காகும் எனத் தந்தை மறுத்துவிட்டார்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தந்தை தம் வேண்டுகோளை முன்வைத்தார். பொது மின்கட்டணம் கூடுமோ என்று ஒருவர் அஞ்சினார். தீப்பற்றுமோ என்று மற்றொருவர் கேட்டார். தம் வீட்டு மீட்டரிலிருந்தே தனிக் கம்பி இழுத்து, முறையான எர்த் இணைப்புடன் அமைப்பதாகத் தந்தை விளக்கினார். சுவரையொட்டிய இடம் மட்டும் கிடைக்கவில்லை. அப்போது கீழ்வீட்டுப் பஞ்சாபிப் பெரியவர் எழுந்து, “என் ஸ்கூட்டர் வேறெங்கும் நிற்கும். மாதாஜி நன்றாக மூச்சு விடட்டும்” என்றார். அந்த இடம் கிடைத்திராவிடில், அவர்கள் பெட்ரோல் வண்டியே வாங்கியிருப்பார்கள். அதில் தவறும் இல்லை.

பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துடன் புதிய வண்டி வந்தது. இரவில் மின்னிணைப்பைச் சரிபார்க்கும் பொறுப்பு மகளுக்கு அளிக்கப்பட்டது. ஒருமுறை குடும்பத்துடன் செய்ப்பூருக்குச் சென்றபோது, வழியிலுள்ள விரைவு மின்னேற்ற நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. அதை எதிர்பார்த்தே புறப்பட்டதால் வருத்தமில்லை.

தேர்வுக் காலத்தில் ஓரிரவு மகள் சுவிட்சைப் போட மறந்தாள். காலையில் மின்கலத்தில் எஞ்சியிருந்தது 4 விழுக்காடு. அன்று ஆச்சி மருத்துவரைக் காண வேண்டிய நாள். மருத்துவமனையோ 12 கிலோமீட்டர் தொலைவில். தந்தை கடிந்துகொள்ளவில்லை, ஆட்டோவை அழைத்தார். குளிர்காற்றில் போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறிய ஆச்சியைக் கண்டு மகள் தலைகுனிந்தாள்.

மாலையில் ஆச்சி அவளை அருகில் அமர்த்தினார். “எங்கள் வீட்டில் இரண்டு காளைகள் இருந்தன. இரவில் தீனி வைக்க மறந்தால், விடியலில் வண்டி கிளம்பாது. நானும் ஒருநாள் மறந்து, உன் பூட்டனாரிடம் திட்டு வாங்கினேன். வீட்டில் கட்டிய காளைக்கு வீட்டார்தாம் தீனி வைக்க வேண்டும் கண்ணே” என்றார்.

அதன்பின் மகள் மறந்ததில்லை. இரவு உணவு முடிந்ததும் மூன்று மாடி இறங்கிச் சென்று, பச்சை விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். கதவைத் திறக்கும்போது உள்ளிருந்து ஆச்சியின் குரல் கேட்கும்:

“காளைக்குத் தீனி வைத்தாயா?”

“வைத்துவிட்டேன் ஆச்சி!”

சிந்தித்து எழுதுக
1. ‘இரவில் வண்டி எங்கே நிற்கும்?’ என்னும் வினா ஏன் முதன்மையானது?
2. உங்கள் வீட்டின் நிலைக்கு எவ்வண்டி ஏற்றது? கணக்கிட்டுக் காரணம் தருக.
3. உங்கள் தாத்தா பாட்டி காலத்து வண்டிகளைப் பற்றிக் கேட்டறிந்து, ஐந்து தொடர்கள் எழுதுக.